சுங்கை சிப்புட்டில் பிசியோதெரப்பி களப்பயிற்சி: வெளிநாட்டிலிருந்து வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும், அவ்வப்போது பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும், பிசியோதெரப்பி படிக்கும் தமிழ் மாணவர்கள் மலேசியத் தோட்டப்புற ஊரொன்றில் களப்பயிற்சி பெற விரும்பி எழுதும்போது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு இவ்வட்டாரத்தில் மாணவர்களை மேற்பார்வையிடும் ஒரு பிசியோதெரப்பிஸ்ட் என்ற முறையில் எழுதிய பதில்கள் கீழே உள்ளன.

சுங்கை சிப்புட் எங்கே இருக்கிறது? அங்கே இன்னும் தோட்டங்கள் இருக்கின்றனவா?

பேராக் மாநிலத்தின் கோலகங்சார் மாவட்டத்தில், ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எல்பில், ஹீவூட், டோவன்பி, கமூனிங் என்று ஊரைச் சுற்றியுள்ள தோட்டப் பெயர்களை நோயாளிகளின் வாயிலிருந்து நீங்கள் முதல் நாளே கேட்டுவிடுவீர்கள். முகவரி எதுவாக இருந்தாலும், "நாங்க டோவன்பி ஆளுங்க" என்றுதான் பெரியவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள்.

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் இப்போது இந்த வட்டாரத்தில் ரப்பரைவிட, எண்ணெய் எடுக்கும் பனையான செம்பனையே அதிகம் கண்ணில் படும். தோட்டம் கைமாறியபோதும், பயிர் மாறியபோதும், தோட்ட வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை ஊருக்குள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டன. குலை வெட்டும் வேலையை இன்று பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் செய்கிறார்கள். தோட்டம் என்றால் தமிழர் மட்டுமே என்ற படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதை முதல் வாரத்திலேயே திருத்திக்கொள்ள நேரிடும்.

எத்தகைய நோயாளிகளைப் பார்ப்பேன்?

மூன்று வகையினர் அதிகம். முதலாவது, இருபது முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்து ஓய்ந்த, இன்று அறுபதையும் எழுபதையும் கடந்த பெண்களும் ஆண்களும். முழங்கால் தேய்மானம், இடுப்பு வலி, கழுத்து வலி ஆகியவற்றோடு வருவார்கள். இரண்டாவது, பக்கவாதத்துக்குப் பிறகும், நீரிழிவால் விரலோ பாதமோ முழங்காலுக்குக் கீழோ துண்டிக்கப்பட்ட பிறகும் வருபவர்கள். மூன்றாவது, தொழிற்சாலைகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வேலை செய்து தோளும் முதுகும் பிடித்துக்கொண்ட நடுவயதினர். இவர்களைத் தவிர, மேற்பகுதி ஆற்றோரக் கிராமங்களிலிருந்து பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களும் வருவார்கள். அவர்களுக்கு அடுத்த வாரமே மறுபடி வாருங்கள் என்று தேதி போட்டுக் கொடுப்பதற்கு முன், வந்து சேர எவ்வளவு நேரமும் எந்த வண்டியும் தேவைப்பட்டன என்று கேட்க வேண்டும்.

நீரிழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே உங்கள் முன் உட்காரும் தமிழ் நோயாளி முழங்கால் வலி என்று வந்திருந்தாலும், பாதத்தைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்குகளைப் பார்த்து, 10 கிராம் மோனோஃபிலமெண்ட் இழையால் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் சூடான ஒத்தடப் பையை எடுக்க வேண்டும். உணர்ச்சி மரத்த காலில் சூடு வைத்தால் கொப்புளம் எழுந்த பிறகுதான் நோயாளிக்கே தெரியும்.

விசா இல்லாமல் சுற்றுலாப் பயணியாக வந்து பயிற்சி பெறலாமா?

கூடாது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்களுக்கு வழங்கப்பட்ட 30 நாள் விசா விலக்கு, சுற்றிப் பார்ப்பதற்கும் உறவினரைக் காண்பதற்கும் ஆனது. நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்வதற்கு அது அனுமதியாகாது. செயல்முறைப் பயிற்சிக்கு வருவோருக்குக் குடிநுழைவுத் துறை வழங்கும் அனுமதிச் சீட்டு 'பாஸ் லாவாத்தான் இக்திசாஸ்' எனப்படும். அதன் காலம் 12 மாதங்களுக்கு மேற்படாது. அதற்கு உங்களை ஏற்றுக்கொள்ளும் மலேசிய நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இவை தவிர, நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னியல் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

மேற்பார்வையாளர் "வாருங்கள்" என்று சொல்லிவிட்டால் போதாதா?

போதாது. அரசு மருத்துவமனைகளும் 'கிளினிக் கெசிஹாத்தான்' எனப்படும் அரசுச் சுகாதார நிலையங்களும் சுகாதார அமைச்சின் கீழ் இயங்குபவை. உங்கள் கல்லூரிக்கும் ஏற்கும் தரப்புக்கும் இடையே எழுத்துவழி ஏற்பாடும், உரிய அலுவலகத்தின் அனுமதியும் இருந்தால்தான் பிசியோதெரப்பி அறைக்குள் உங்களை நிறுத்த முடியும். என்னைப் போன்றவர்களின் விருப்பத்துக்கு அங்கே மதிப்பு குறைவு என்பதை மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கல்லூரிக் கடிதம், தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி, மருத்துவக் காப்புறுதி, தடுப்பூசிச் சான்று ஆகிய நான்கையும் ஒன்றாக அனுப்புகிறவர்களின் கோப்பு விரைவில் நகர்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகள் வழக்கமாக ஆறு மாதங்களில் முடிபவை என்பதால், பயணச்சீட்டு வாங்கிய பிறகு அதை நினைத்துக்கொள்வதில் பயனில்லை.

இங்கே செலவிடும் மணிநேரம் என் படிப்புக் கணக்கில் சேருமா?

அதை முடிவு செய்வது உங்கள் பல்கலைக்கழகம். பிரிட்டனில் பட்டம் பெறுவதற்குள் 1,000 மணிநேரச் செயல்முறைப் பயிற்சி எதிர்பார்க்கப்படுகிறது. ஆஸ்திரேலிய மாணவர்கள் 20 கூறுகளை ஒவ்வொன்றாக 0 முதல் 4 வரை மதிப்பிடும் படிவத்தோடு வருகிறார்கள். தமிழ்நாட்டில் நாலரை ஆண்டுப் படிப்பின் இறுதி ஆறு மாதம் பயிற்சிக் காலம். எந்தப் படிவமானாலும் புறப்படுவதற்கு முன்பே எனக்கு அனுப்பிவிடுங்கள். கடைசி நாளில் நீட்டப்படும் படிவத்தில் நேர்மையான மதிப்பெண் போடுவது கடினம்.

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அது போதுமா?

தமிழ் நோயாளிகளிடம் போதும், ஆனால் புத்தகத் தமிழ் போதாது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் "குடையுது", "கடுக்குது", "மதமதன்னு இருக்கு", "வாயு பிடிச்சிக்கிச்சு" என்று பதில் வரும். எந்தச் சொல்லுக்கும் உங்கள் பாடநூலிலிருந்து ஒரு நோயை அவசரமாகப் பொருத்திவிடாமல், ஒரு விரலால் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே விரல் ஒரே இடத்தில் நிற்கிறதா, உள்ளங்கை முழுவதும் தொடை வழியே இறங்குகிறதா என்பது பாதி நோயறிதலைச் சொல்லிவிடும்.

மற்ற நோயாளிகளுக்கு மலாய் வேண்டும். டூடோக், பெர்டிரி, அங்காட் காக்கி, தாரிக் நாஃபாஸ், பெர்லாஹான்-லாஹான் என்று உட்காரவும், எழவும், காலைத் தூக்கவும், மூச்சிழுக்கவும், மெதுவாகச் செய்யவும் சொல்லத் தெரிந்தால் முதல் வாரத்தை ஓட்டிவிடலாம். மலாய்ப் பெரியவர்களைப் பாக்சிக், மாக்சிக் என்றும், சீனப் பெரியவர்களை அங்கிள், ஆண்டி என்றும், நம்மவர்களை ஐயா, அம்மா என்றும் அழைப்பது வழக்கம். கோப்பில் இருக்கும் பெயரை மட்டும் உரக்கக் கூப்பிடுவதை இங்கே யாரும் மரியாதையாகக் கொள்ள மாட்டார்கள். குறிப்புகளை மட்டும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

பால்வெட்டும் செம்பனையும் எப்படி நடக்கின்றன என்று ஒரு பிசியோதெரப்பி மாணவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

இங்கே நீங்கள் கற்றுக்கொள்ளப்போகும் முக்கியமான பாடம் அதுதான் என்பது என் கருத்து. மூட்டை அசைத்துப் பார்ப்பதையும் தசை வலுவைச் சோதிப்பதையும் உங்கள் ஊரிலேயே இதைவிட நல்ல கருவிகளோடு கற்கலாம்.

பால்மரத்தை விடியலுக்கு முன் வெட்டத் தொடங்குவார்கள், ஏனெனில் குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடந்து, பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்வாகச் சீவி, பால் சொட்டும் கிண்ணத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். வெட்டு மார்பு உயரத்தில் தொடங்கி, நாளாக நாளாகக் கீழே இறங்கும். அடிமரத்துக்கு வந்துவிட்ட பட்டையை வெட்டுகிறவர் ஒவ்வொரு மரத்துக்கும் குந்தி எழ வேண்டும். அது ஒரு காலைக்குச் சில நூறு தடவை. மேல்பட்டையை நீண்ட பிடியுள்ள கத்தியால் வெட்டும் காலத்தில் கழுத்தை அண்ணாந்தபடியே வைத்திருக்க வேண்டும். பிறகு பாலைச் சேர்த்து, தோளில் கம்பு வைத்து இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, மேடும் பள்ளமுமான நிலத்தில் தூக்கி நடந்தார்கள். எழுபது வயது அம்மா ஒருவரின் வலது தோளும் இடது முழங்காலும் மட்டும் ஏன் இப்படி ஆகியிருக்கின்றன என்ற கேள்விக்கு எக்ஸ்ரே சொல்லாத விடை இந்த விவரங்களில் இருக்கிறது. அவர் எந்தத் தோளில் கம்பை வைத்தார் என்று கேளுங்கள். கேட்ட உடனே எழுந்து நின்று நடித்தே காட்டிவிடுவார், உங்களுக்கும் அவருடைய நடை, திருப்பம், சமநிலை எல்லாம் ஒருசேரக் கிடைத்துவிடும்.

செம்பனையில் வேலை வேறு. குட்டை மரத்தில் உளியாலும், உயர்ந்த மரத்தில் நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் பொருத்திய அரிவாளாலும் குலையை அறுப்பார்கள். அண்ணாந்து பார்த்து, முதலில் அடிமட்டையை வெட்டி, பிறகு காம்பில் அரிவாளை மாட்டி, முழு உடம்பையும் பின்னுக்குச் சாய்த்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். விழும் குலை 10 கிலோவும் இருக்கலாம், 25 கிலோவும் இருக்கலாம். அதைத் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும், சிதறிய பழங்களைக் குனிந்து பொறுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் தோள் வலியோடு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். கையை உயர்த்தும் கோணத்தை அளந்து எழுதுவதோடு நின்றுவிடாமல், மூலையில் இருக்கும் துடைப்பக் கட்டையை அவர் கையில் கொடுத்து, அறுப்பதைப் போல இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் முகம் சுளிக்கிறார், இடுப்பைத் திருப்பாமல் தோளால் மட்டும் இழுக்கிறாரா என்பதைப் பார்த்தால் சிகிச்சை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரியும். இதற்குப் பொது மொழிகூடத் தேவையில்லை.

தோட்டத்துக்கு நேரில் போய்ப் பார்க்க விரும்பினால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் குலை விழும் இடத்துக்கு அருகே நிற்கக் கூடாது.

நான் சொல்லிக்கொடுக்கும் வீட்டுப் பயிற்சிகளை நோயாளிகள் செய்வதில்லை. என்ன செய்வது?

அவர்கள் வீட்டில் அதைச் செய்ய இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முழங்கால் தேய்ந்த மூதாட்டி ஒருவருக்கு மாணவர் ஒருவர், கட்டிலில் படுத்துக் காலை நேராக நீட்டித் தூக்கும் பயிற்சியைப் படம் வரைந்து, நாளுக்கு மூன்று வேளை என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை வந்தபோது அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாரே தவிர, ஒரு நாளும் செய்திருக்கவில்லை. அவர் வீட்டில் ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது, அதில் இரவுப் பணி முடித்து வந்த மகன் பகல் முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மாவோ தரையில் பாய் விரித்துப் படுப்பவர். தரையிலிருந்து எழுவதுதான் அவருக்கு உண்மையான சிக்கல் என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

பால்வெட்டிய பழக்கத்தில் அந்த அம்மா இன்றும் விடியலுக்கு முன் எழுந்து தண்ணீர் கொதிக்க வைப்பவர். ஆகவே தண்ணீர் கொதிக்கும் வரை, கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவதும், முழங்காலைச் சற்றே மடக்கி நிமிர்வதும் என்று பயிற்சி மாற்றப்பட்டது. தரையிலிருந்து எழுவதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஊன்றுகோலாகப் பயன்படுத்தும் முறையைப் பாயிலேயே உட்கார்ந்து பழக்கினோம். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் நேரத்தை அளக்கும் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அம்மா அதைவிடப் பெரிதாகச் சொன்னது, விளக்கேற்றக் கீழே உட்கார்ந்துவிட்டு யாரையும் கூப்பிடாமல் எழ முடிகிறது என்பதைத்தான். உங்கள் குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள்.

கழிப்பறை குந்தும் வகையா, சமையலறைக்கு இறங்கும் படி எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற மூன்றும் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவை.

எப்போது நான் சிகிச்சையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும்?

எல்லா நாட்டுக்கும் பொதுவான அபாய அறிகுறிகளை நீங்கள் படித்திருப்பீர்கள். தோட்டப்புறத்துக்கே உரியவை சில உண்டு. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஒரு தொழிலாளி வந்தால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் எலிச்சிறுநீர்க் காய்ச்சலாக இருக்கலாம். கடுமையான உடல் வலியும் மூட்டு வலியும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கியை நினைக்க வேண்டும். இரண்டிலும் பிடித்துவிடுவதற்கோ ஒத்தடத்துக்கோ இடமில்லை. செம்பனை முள் குத்திய சில வாரங்களுக்குப் பிறகு ஒரே ஒரு விரல் மூட்டு வீங்கி மடங்காமல் நின்றால், முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கக்கூடும். நோயாளி முள் குத்தியதையே மறந்திருப்பார் என்பதால் நீங்கள்தான் கேட்க வேண்டும். அத்தகைய விரலை வலுக்கட்டாயமாக மடக்கிப் பயிற்சி கொடுத்தால் கெடுதலே விளையும்.

நோயாளி உருவிவிடுபவரிடம் போகிறார். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா என்றும் கேட்கிறார். என்ன சொல்வது?

உருவுதலைப் பழித்துப் பேசினால் நோயாளி அங்கே போவதை நிறுத்த மாட்டார், உங்களிடம் சொல்வதை மட்டும் நிறுத்திவிடுவார். எலும்பு முறிவு, இரத்தக்கட்டி, பக்கவாதத்துக்குப் பின் தளர்ந்து தொங்கும் தோள் ஆகிய நிலைகளில் இழுக்கவோ முறுக்கவோ கூடாது என்று காரணத்தோடு விளக்குங்கள். மற்றபடி தைலம் தடவி மெல்லத் தேய்ப்பதைத் தடுக்க உங்களுக்கு அவசியமில்லை.

காவடியைப் பொறுத்தவரை, வேண்டுதலை விட்டுவிடச் சொல்வது நம் வேலையன்று. ஈப்போவில் குனோங் சீரோ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும் ஊர்வலத்தில் வெயிலில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பவர்களை நினைத்துப் பாருங்கள். பாத உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிக்குக் காவடியின் எடையைவிட அந்தச் சாலையின் சூடே பெரிய ஆபத்து. விடியற்காலையில் நடப்பது, பால்குடத்தோடு நிறுத்திக்கொள்வது, முடிந்ததும் பாதத்தைக் குடும்பத்தினர் ஒருவர் பார்ப்பது என்று பேசித் தீர்த்துக்கொள்ள வழியுண்டு. விரத நாள்களில் மாத்திரையையும் இன்சுலினையும் எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

"இரண்டு வாரம் வேலைக்குப் போகாதீர்கள்" என்று நான் சொல்லலாமா?

சொல்வதற்கு முன் அவருடைய கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். வெட்டிய குலைக்கேற்ப வருமானம் பெறுபவருக்கு ஓய்வு என்பது வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் விழும் துண்டு. மருத்துவ விடுப்புச் சான்றான எம்.சி.யை மருத்துவர்தான் தர முடியும், பிசியோதெரப்பிஸ்ட் தர முடியாது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, மருத்துவமனையில் தங்கத் தேவையில்லாத நோய்க்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு, பணிக்காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள்கள். வேலையின்போது ஏற்பட்ட காயமாக இருந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். 2019 ஜனவரி 1 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் அதன் வேலைக் காயப் பாதுகாப்பு உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். வேலைக்குத் திரும்புவோருக்கான திட்டத்தைச் சொக்சோ 2007 முதல் நடத்துகிறது. மலாக்காவில் அதற்கென ஒரு பெரிய மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. கடுமையாகக் காயமுற்ற நோயாளிக்கு இந்த விவரங்கள் உங்கள் கைச்சிகிச்சையைவிடப் பயனுள்ளவையாக இருக்கக்கூடும்.

தங்குமிடம், உடை, போக்குவரத்து?

தாமான் வீடுகளில் அறை வாடகைக்குக் கிடைக்கும். நடந்து வரக்கூடிய தூரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பேருந்தை நம்பி நேரத்துக்கு வர இயலாது. மூடிய காலணியும் முழங்கை வரையிலான சட்டையும் போதும். பிற்பகல் மழைக்கு ஒரு குடை வேண்டும். சாப்பாட்டைப் பற்றி எந்தத் தமிழ் மாணவரும் இதுவரை என்னிடம் முறையிட்டதில்லை.

படிப்பு முடிந்ததும் மலேசியாவிலேயே வேலை செய்ய முடியுமா?

களப்பயிற்சி அதற்கு உரிமை தராது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்படி, பதிவு பெற்றவர்தான் பிசியோதெரப்பிஸ்டாகத் தொழில் செய்யலாம். பயிற்சிக் காலத்திலும் நோயாளியிடம் உங்களை மாணவர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். "டாக்டர்" என்று அவர்களாக அழைத்தால் பணிவோடு திருத்திவிடுங்கள்.

கடைசி வாரத்தில் நான் செய்ய வேண்டியவை என்ன?

புதிய நோயாளிகளை ஏற்காதீர்கள். நீங்கள் பார்த்துவந்த ஒவ்வொருவருக்கும் நீங்கள் புறப்படும் தேதியை முன்கூட்டியே சொல்லி, அடுத்து யார் பார்ப்பார் என்பதையும் அவரை நேரில் காட்டி அறிமுகப்படுத்துங்கள். ஒப்படைப்புக் குறிப்பில் அளவீடுகளோடு, நோயாளி எந்த வேலை செய்தார், வீட்டில் எங்கே பயிற்சி செய்கிறார், எந்தக் கிழமை அவரால் வர முடியாது என்பனவற்றையும் எழுதுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவர் இவற்றை மறுபடி முதலிலிருந்து கேட்டால், நோயாளி பதில் சொல்லிக் களைத்து அடுத்த முறை வராமலே இருந்துவிடுவார். நோயாளிகளின் படம், பெயர், கோப்பு எண் எதுவும் உங்கள் கைப்பேசியில் ஊருக்குப் போகக் கூடாது. கல்லூரிக்கான நோயாளி விவர அறிக்கையில் தோட்டத்தின் பெயரையும் நீக்கிவிடுங்கள், ஏனெனில் இவ்வளவு சிறிய ஊரில் வயதும் தோட்டமும் தெரிந்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.